பங்களாவின் பின்பக்கம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து, இரண்டு கிலோ கடுக்காயையும் மூன்று கிலோ கருப்பட்டியையும் மேசைமேல் எடுத்து வைத்தார். சாப்பிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுவருக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் இந்த இரண்டையும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்போம், அப்போதுதான் பூச்சு நிற்கும் என்று கையால் பூசிக் காட்டினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஒரு கடுக்காயை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது எங்கள் ஊரில் எல்லா நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். இதைத் தூக்கிக்கொண்டா கடல் தாண்டி வந்தாய்?" என்றார்.  இரண்டு பேரும் சிரித்து என்னைப் போகவிட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரி கிளீனர், போர்வெல் வண்டி, கல்யாணச் சமையல் என்று பல இடங்களில் நின்றுவிட்டுக் காரைக்குடிப் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் மூன்று வருஷம் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசினேன். அங்கே வீடு பார்க்க வந்திருந்த கொழும்புக்காரப் பெண் நிலுக்ஷி. கட்டட வரைபடம் போடுபவர். இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு தோட்டத்துப் பழைய பங்களாவை விடுதியாக மாற்றப்போகிறார்கள், சுவர் எல்லாம் சுண்ணாம்பு, வந்து பார்த்துச் சொல் என்று ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டார். சும்மா இருந்த காலம். கிளம்பிவிட்டேன்.

கஹவத்தைக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர் நிறுத்தாமல் ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தார். "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போன்னு சொல்றாரு. போக எடம் இருந்தா நாங்க போக மாட்டோமா?" என்று பக்கத்தில் பலாக்காயை மடியில் வைத்திருந்த அம்மா எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே சிங்களத்தில் அவருக்கும் சொன்னார். பஸ் சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டு மறுபடி அதையே கத்தினார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் மொழி மட்டும்தான்.

அந்தச் சிரிப்பில் என்னை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். ரோட்டில் ரப்பர்ப் பாலுக்கு வாளி கொண்டுபோன ஒருவரிடம் வழி கேட்டேன். "ரெண்டு கட்டைதான்" என்றார். இங்கே கட்டை என்றால் மைல். மழை பிடித்துக்கொண்டது. கீழே ரப்பர் மரங்கள், மேலே ஏற ஏறத் தேயிலை. பங்களாப் படிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு காலிலும் அட்டை. ஒன்று விரல் இடுக்கில் திராட்சைப்பழம் மாதிரி ஊதியிருந்தது.

படியில் நின்று கூப்பிட்டேன். பக்கவாட்டிலிருந்து ஒருவர் குடையோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சந்திரன். ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பங்களாவில் சமைப்பவரை இங்கே அப்பு என்பார்கள். அவர் அப்பாவும் இதே பங்களாவில் அப்புவாக இருந்தவராம். என்னையும் பையையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"தம்பி, நீங்க முன்பக்கமா, பின்பக்கமா?"

"புரியலண்ணே."

"கொழும்பிலேருந்து வர்றவங்கன்னா முன்பக்கம் ரூம். வேலைக்கு வர்றவங்கன்னா பின்பக்கம். நீங்க இந்தியாவிலேருந்து வேலைக்கு வர்றதா நிலுக்ஷி நோனா சொன்னாங்க. அதான் எனக்குக் கணக்கு வெளங்கல."

ஈரமில்லாத தரை எங்கே இருக்கிறதோ அங்கே போடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, சாப்பாட்டு அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் பாத்திரம் வைக்கும் சின்ன அறையில் பாய் விரித்தார். முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. பிறகு அட்டைகளுக்கு உப்பு கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் விழித்தது கதவு திறக்கும் சத்தத்தில். அந்தப் பங்களாவில் துரை யாரும் குடியிருந்து பல வருஷம் ஆகிறது. மேனேஜர் கீழே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். ஆனாலும் அப்பு தினமும் காலையில் எல்லா ஜன்னலையும் திறக்கிறார், சாயங்காலம் எல்லாவற்றையும் மூடுகிறார். தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்துச் சிவப்புத் தரையைத் தேய்க்கிறார். ஏன் என்று கேட்டேன். "பூட்டி வச்சா கறையான் வந்துரும் தம்பி" என்றார்.

அவர் மனைவி ஞானம் அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர். பங்களாவின் பின்னால் வால் மாதிரி நீளும் நான்கு அறை வரிசையில்தான் அவர்கள் குடியிருப்பு. முதல் அறை பங்களாச் சமையல்கட்டு. அது நான் படுத்த அறையின் சுவரை ஒட்டி இருக்கிறது. அடுத்த மூன்றும் அவர்கள் வீடு. அன்று காலை அங்கே ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். நம் ஊர் மிளகாய்ச் சட்னி ஒரு குழந்தை என்று தெரிந்தது. பால் இல்லாத டீ, இங்கே அதற்குப் பிளேன்டி என்று பெயர். கூடவே ஒரு தட்டில் கறுப்பாக ஏதோ கடித்துக்கொள்ள வைத்திருந்தார்கள். கடித்த பிறகுதான் ருசி பிடிபட்டது. என் கருப்பட்டி.

"ஐயோ, அது சுவருக்கு வெச்சிருந்தது அக்கா."

ஞானம் அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுவரு பிளேன்டி குடிக்குமா?"

"ஏய், பையத் தொறக்காதேன்னேன்ல" என்றார் அப்பு.

"எறும்பு ஏறுச்சு. எறும்புக்குக் குடுக்கவா, ஆளுக்குக் குடுக்கவா?" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு நிலுக்ஷி காரில் வந்தார். அளவு எடுக்க ஆரம்பித்தோம். நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறுமுனையில் எழுதினார்.

வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கருங்கல் அடிமானம், இடுப்பு உயரம். சுவரின் கனம் ஒரு முழம் இருக்கும். மேலே தகரக் கூரை, அதற்கும் பலகை மச்சுக்கும் நடுவில் ஆள் குனிந்து போகும் இடைவெளி. அதனால்தான் வெயிலிலும் உள்ளே சூடு இறங்கவில்லை. முன்னால் கார் நிற்க ஒரு முகப்பு, அதிலிருந்து அகலமான வராந்தா. உட்காரும் அறையின் ஜன்னல் அரைவட்டமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பிதுங்கி நிற்கிறது. அந்த அறையில் குளிர்காய ஒரு கணப்படுப்பு. எனக்கு வியர்வை துடைக்கத் துண்டு போதவில்லை. இதில் யார் எப்போது தீ மூட்டினார்கள் என்று கேட்டேன். "மூட்டுனதே இல்ல. அவங்க ஊர்ல இருக்குமாம், அதனால இங்கயும் இருக்கணுமாம்" என்றார் அப்பு.

எனக்கு நின்று பார்க்கத் தோன்றியது குளியலறைகளைத்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. ஒன்று படுக்கையறைக்குள். இன்னொன்று நேரே வெளியே. கக்கூஸ் வாளி எடுக்க வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோவதற்காக வைத்த கதவு அது. செட்டிநாட்டு வீடுகளிலும் பின்கட்டு உண்டு, பின்வாசல் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் இத்தனை பின்வாசலை நான் பார்த்ததில்லை. நிலுக்ஷி ஒவ்வொரு கதவையும் படம் எடுத்தார். இதெல்லாம் வீட்டின் மதிப்பு, இதை மறைக்கக் கூடாது, விருந்தாளிக்குச் சொல்லவேண்டும் என்றார். நல்ல பெண். வேலையில் கவனம்.

அப்பு முன்வராந்தாவுக்கு வரும்போதெல்லாம் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் அப்படித்தான். ஞானம் அக்கா கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து முன்படி ஏறியதே இல்லையாம்.

மதியத்துக்குப் பிறகு பின்வரிசைக்குப் போனோம். ஞானம் அக்கா மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, வேறு சேலை கட்டி வாசலில் நின்றார். வீடு பளபளவென்று இருந்தது. உள்ளும் வெளியும் சுவர் முழுக்கப் புதிதாகச் சிமென்ட் பூசி ரோஸ் நிறம் அடித்திருந்தார்கள். ஜன்னல் அலுமினியம். நிலுக்ஷி அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். அப்படியே உள்ளே போய் அளந்தார். வெளியே வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் போனதும் ஞானம் அக்கா ஈரத்துணி எடுத்துத் தரையைத் துடைத்தார்.

டீ நேரத்தில் நிலுக்ஷி வராந்தாவில் வரைபடத்தை விரித்துவைத்து, போனில் கொழும்பில் இருக்கும் முதலாளிகளிடம் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவால் பின்வரிசையைச் சுற்றிக் கோடு இழுத்தார். அப்பு டீயை வைத்துவிட்டுத் தட்டோடு அங்கேயே நின்றார். பிறகு என்னிடம் வந்தார். சமையலில் உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

"பின்னால இருக்கிறத ஒடைக்கப் போறாங்களாம் தம்பி. கார் நிப்பாட்ட எடம் வேணுமாம்."

"பின்னாலன்னா?"

"நாங்க இருக்கிற எடம்."

நான் நிலுக்ஷியிடம் என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முதலாளிகளோடு ஒப்பந்தம் இதுதான்: பழைய கட்டடம் எதுவோ அதைத் தொடக்கூடாது, பிறகு சேர்த்தது எதுவோ அதை இடிக்கலாம். பின்வரிசை சிமென்ட், அலுமினியம், ஆஸ்பெஸ்டாஸ். பின்னால் சேர்த்தது. அவர்களுக்கு லயத்தில் ஒரு அறை கொடுப்பார்களாம். வரைபடம் வெள்ளிக்கிழமை போகவேண்டும். அன்று செவ்வாய்.

லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடு. கஹவத்தையிலிருந்து வரும் வழியில் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் அடுப்புக்கு ஒரு சின்ன ஒதுக்கு. இங்கே இவர்களுக்கு மூன்று அறையும், பின்னால் வாழையும், கோழிக்கூடும் இருக்கின்றன.

இந்தச் சிமென்ட் எப்போது பூசியது என்று அப்புவைக் கேட்டேன்.

"போன மாசம். நோனா முதல் தடவ வந்தப்ப முன்பக்கம் மட்டும் பாத்தாங்க. அடுத்த வாட்டி பின்பக்கமும் பாக்குறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. பாக்க வர்ற எடம் அசிங்கமா இருக்கலாமா? மகன் கொழும்புல பெயின்ட் கடையில நிக்கிறான். அவன்தான் எல்லாம் கொண்டாந்தான். அவன் அம்மாதான் கலர் சொன்னா."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் தோட்டத்தைச் சோதிக்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய துரை வருவாராம். விசிட்டிங் ஏஜென்ட், சுருக்கமாக வி.ஏ. என்பார்கள். வி.ஏ. வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை, மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை, நாய்களைப் பிடித்துக் கட்டுவது, பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது. பங்களாவின் பின்வரிசைக்கும் ஒரு பூச்சு.

"வி.ஏ. பின்பக்கம் வருவாரா?"

"ஒரு தடவகூட வந்ததில்ல. வந்துட்டா?"

அந்த வழக்கம்தான். யாரோ பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டைப் புதிதாக்கிவிட்டார்கள். புதிதாக இருந்ததால் இடிக்கக் குறித்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் பாயில் படுத்தபடியே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படுத்த அறையின் சுவரும் சமையல்கட்டின் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், விரல் நுழையும் அகலம். அதன் வழியாகத்தான் ரொட்டி வாசனை வரும். ஜன்னல் வெளிச்சம் அதற்குள் சாய்வாக விழுந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எழுந்து போன் விளக்கை அடித்துப் பார்த்தேன்.

மூன்று வருஷம் வெள்ளையடித்தவனுக்கு இது தெரியும். வெள்ளையடிக்கும் மட்டை எட்டுகிற இடத்துக்குத்தான் அடிக்க முடியும். இரண்டு சுவர் ஒன்றையொன்று ஒட்டி நின்ற பிறகு அந்த இடுக்குக்குள் மட்டை போகாது. உள்ளே வெள்ளை இருக்கிறது என்றால், பக்கத்துச் சுவர் வருவதற்கு முன்பே அது அடித்தது. எந்தச் சுவரின் வெள்ளை என்பதுதான் கேள்வி. விரிசலுக்குள் அது சரியாகத் தெரியவில்லை. வெளியே, சமையல்கட்டுச் சுவர் பங்களாச் சுவரைத் தொடுகிற மூலையில் உடைத்துப் பார்த்தால் தெரியும். அந்த மூலையில் ஞானம் அக்காவின் ரோஸ் சிமென்ட் இருந்தது.

உளி வேண்டும். கஹவத்தைக்குப் போனேன். போகும்போது பஸ், வரும்போது பஸ் இல்லை. ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியின் பின்னால் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக இரண்டு துவைப்பு ஆயிற்று.

இரும்புக்கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை நானா என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

"சீமெந்து ஒடைக்கிற உளி ஈக்குது. எங்க ஒடைக்கப் போறது, செல்லுங்களே."

பங்களாவைச் சொன்னேன்.

"அந்தப் பங்களாவா! எங்கட வாப்பா மாசத்துக்கு ரெண்டு தரம் சாமான் ஏத்திப் போற எடம். முன்பக்கம் போக ஏலாது. பின்னால, சமைக்கிற குசினி வாசல்லதான் எறக்கணும். நானும் சின்னதுல போயீக்கிறேன். இவ்வளவு காலத்துல அந்த ஊட்டுட முன்பக்கம் நான் கண்டதில்ல தம்பி. எங்களுக்கு அந்தக் குசினிதான் பங்களா."

உளியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "பாத்து ஒடைங்க. அந்தக் குசினில நல்ல தேத்தண்ணி தருவாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் ஞானம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கை அகலம் உடைத்தால் போதும், பழைய சுவர் என்று காட்ட முடிந்தால் கோடு மாறலாம், மாறாமலும் போகலாம் என்றேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அது போன மாசம்தான் காஞ்சுச்சு."

"தெரியும் அக்கா."

"எங்க கல்யாணத்துலேருந்து அந்தச் சுவரு உதுந்துக்கிட்டே இருந்துச்சு. சோத்துல மண்ணு விழும். இப்பதான் ஒரு மாசமா மண்ணு இல்லாம திங்கிறோம். புதுசா இருந்தா ஒடைப்பாங்க, பழசுன்னா விடுவாங்கன்னு எந்த ஊர்ல இருக்கு? எங்கயும் பழசத்தானே ஒடைப்பாங்க?"

 அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

அப்பு அடுப்புப் பக்கத்திலிருந்து, "லயத்துக்குப் போறதுன்னா போவோம், விடு" என்றார்.

"நீங்க போங்க. கோழிய எங்க அடைப்பீங்க, தலமாட்டுலயா?" என்றார் ஞானம் அக்கா.

வியாழன் காலையில் நான் உளியோடு மூலைக்குப் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார். வேலைக்குப் போகவில்லை. கையை நீட்டினார். "குடுங்க. நீங்க ஒடச்சா எனக்குப் பாக்க ஏலாது. நானே ஒடச்சிக்கிறேன்."

எந்தச் சாய்வில் பிடிக்கவேண்டும் என்று காட்டினேன். முதல் அடி பலமில்லாமல் விழுந்தது. இரண்டாவது அடியில் சிமென்ட் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வந்தது. சுண்ணாம்பின்மேல் சிமென்ட் பிடிக்காது. எப்படியும் இரண்டு மழைக்காலம்தான் தாங்கியிருக்கும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மீதியை நான் எடுத்துக்கொண்டேன். உளியை வைத்துவிட்டுக் கத்தி முனையால் மெதுவாகச் சீவினேன். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக, வெங்காயத் தோல் மாதிரி. வெள்ளை, புகைக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள், மறுபடி வெள்ளை. நாற்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு கண் பூத்துக் கணக்குத் தவறியது. நடுவில் ஒன்று நல்ல நீலம்.

அப்பு குனிந்து பார்த்தார். "இது எங்கப்பா அடிச்சது. நீலம் கூடிப்போச்சுன்னு தொரை ஏசுனாரு."

"நான் கல்யாணமாகி வந்த வருசம்" என்றார் ஞானம் அக்கா. "வீடு பாக்க வந்த எங்க மாமா, இது என்ன வீடா, சலவக்காரன் தொட்டியான்னு கேட்டாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அங்கே போனதிலிருந்து அவர்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

நிலுக்ஷியைக் கூப்பிட்டு வந்தேன். மூலையில் நடந்ததை அவருக்குக் கத்தி முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். மேலே இருக்கும் பூச்சுகள் எல்லாம் மூலையில் திரும்பிப் பங்களாச் சுவர்மேல் ஏறுகின்றன. இரண்டு சுவரும் சேர்ந்து நின்ற பிறகு அடித்தவை. அடியில் இருக்கும் மூன்று பூச்சு மட்டும் திரும்பவில்லை. நேரே பங்களாச் சுவருக்குப் பின்னால் போகின்றன. சமையல்கட்டுச் சுவருக்கு மூன்று தடவையாவது வெள்ளையடித்து முடித்த பிறகுதான் பங்களா வந்து அதன்மேல் ஒட்டியிருக்கிறது.

நிலுக்ஷி மண்ணில் மண்டியிட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், விரிசலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. பிறகு எழுந்து, காட்டை வெட்டிய முதல் துரை குடியிருந்த வீடு இந்த வரிசையாகத்தான் இருக்கவேண்டும், கையில் காசு சேர்ந்த பிறகு முன்னால் பெரியதைக் கட்டிக்கொண்டு இதைச் சமையல்காரருக்கு விட்டிருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அப்பு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார். அதை அப்பு உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஞானம் அக்கா.

"பங்களாதான் பின்னால சேத்ததாம்."

ஞானம் அக்கா கையிலிருந்த சிமென்ட் தூசியைத் தட்டினார். "அப்ப இத்தன வருசமா நம்மதான் முன்பக்கமா?"

நிலுக்ஷி அங்கேயே வரைபடத்தில் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஞானம் அக்கா நினைக்கவில்லை. அவர் அப்புவிடம், "நோனாட்ட ஒண்ணு கேளுங்க. புதுசுன்னு நெனச்சப்ப ஒடச்சிட்டு எங்கள வெளிய போகச் சொன்னாங்க. இப்ப ரொம்பப் பழசு. விலைக்குப் போற சாமான். அதுக்கும் எங்கள வெளிய போகச் சொல்லுவாங்களா?" என்றார்.

அப்பு தயங்கித் தயங்கிக் கேட்டார்.  அது என் கையில் இல்லை, எழுத மட்டும்தான் முடியும் என்றார் நிலுக்ஷி. பிறகு வீட்டு வாசலுக்குப் போய், அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் அளந்த அறைகளை மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு அறையிலும் நின்று இது எதற்கு என்று கேட்டார். ஞானம் அக்கா சொல்ல, அப்பு சொல்ல, அவர் எழுதினார். படுக்கும் அறை. மகன் வந்தால் படுக்கும் அறை. சாமி மாடமும் அரிசி டின்னும் இருக்கும் அறை. கோழிக்கூட்டைக்கூட வரைந்தார். வரைபடத்தில் அந்தக் கட்டடத்துக்கு, முதல் பங்களா, அப்பு குடும்பம் தலைமுறையாக வசித்துவரும் வீடு என்று பெயர் போட்டார். அதை அப்படியே பாதுகாக்கவேண்டும், ஆட்களோடு சேர்த்துத்தான் அதன் மதிப்பு என்று தனியாக ஒரு பக்கம் எழுதுவதாகச் சொன்னார். பூட்ஸ் இந்த முறையும் காலில்தான் இருந்தது. மறந்துவிட்டார். ஞானம் அக்கா இந்த முறையும் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பினேன். உடைத்த இடத்தை மூடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதுதான் சாட்சி என்றார் நிலுக்ஷி. கடுக்காயை அப்படியே அப்புவிடம் கொடுத்தேன். கருப்பட்டி மிச்சம் இல்லை. ஞானம் அக்கா ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். இரத்தினபுரிக்கு முன்னால் மண் சரிந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றது. நடத்துநரும் நானும் அதைப் பங்கு போட்டுத் தின்றோம். சம்பல் பிடித்துப்போய், முன்னுக்குப் போ என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் ஓசூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டேன். ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஞானம் அக்கா. பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? பங்களாவுக்கு ஆளுக வர ஆரம்பிச்சிட்டாங்க. இவருதான் சமையலு. நாங்க இங்கயேதான் இருக்கோம். எழுதிக் குடுத்திருக்காங்க, நோனா படிச்சுக் காட்டுனாங்க. கார் நிப்பாட்ட கீழ எடம் வெட்டிட்டாங்க. ஆனா அந்த ஓட்டைய மூட விடமாட்டேங்கிறாங்க. கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க. தெனமும் ஆளுகளக் கூட்டியாந்து அதக் காட்டுறாங்க. எங்க வீட்டு ரூமெல்லாம் பாக்கணும்னு கேக்குறாங்க. வாங்கன்னு சொல்லிட்டேன். ஆனா படியில செருப்ப கழட்டிட்டு வரணும்னு சொல்லிட்டேன். இவரு பயந்துட்டாரு. அவங்க கழட்டிட்டாங்க தம்பி. நோனாவும் கழட்டிட்டாங்க. படம் எடுத்து அனுப்புறேன், பாருங்க."

கீழே படம் இருந்தது. சமையல்கட்டுப் படியில் வரிசையாக ஒன்பது ஜோடி செருப்பு. அதில் முழங்கால் வரை உயரமான பூட்ஸ் ஒன்று சாய்ந்து கிடந்தது. சுவரைப் படம் எடுக்க ஞானம் அக்கா மறந்துவிட்டார்.